மோட்டாரைப் படுக்க வைத்தவர்

எங்கள் கல்யாணத்தில் மூன்று முடிச்சையும் அவரே போட்டார். முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவது, மற்ற இரண்டும் நாத்தனார் போடுவது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நாத்தனார் பின்னால் நின்று கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைத் தள்ளிவிட்டு மூன்றையும் போட்டார். போட்டு முடித்துச் சுண்டி ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். என் கழுத்து பின்னால் போய் முன்னால் வந்தது.

"இன்னா மச்சான், பொண்ணு இன்னா படகா, அவுத்துகினு மெதந்து போறதுக்கு?" என்று அவருடைய கூட்டாளி ஒருவன் கேட்டான். பந்தல் முழுக்கச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தங்கச்சியைப் பார்த்து, "நீ போட்டா லூசா போடுவ" என்றார். அவள் சாப்பிடாமல் போய்விட்டாள்.

மூன்றாம் மாதம் தாலிக் கயிறு மாற்றும்போது என் அத்தையால் அந்த முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. கத்தரியும் வைக்கக்கூடாது. பல்லால் கடித்து இழுத்துத்தான் அவிழ்த்தாள். "எங்கடி புடிச்ச இந்த ஆள?" என்று கேட்டாள்.

அவர் அப்படித்தான். யார் எதைக் கட்டினாலும் முதலில் ஆட்டிப் பார்ப்பார். ஆடினாலும் அவிழ்ப்பார், ஆடாவிட்டாலும் அவிழ்ப்பார். தன் கையால் மறுபடி கட்டினால்தான் அவருக்கு நிம்மதி. சைக்கிள் கேரியர், கோழிக்கூண்டுக் கதவு, என் மீன் கூடை மேல் நான் கட்டிய துணி, எதுவும் அவர் கைக்குத் தப்பவில்லை. நான் விடியற்காலை கட்டிவைத்துவிட்டு முகம் கழுவப் போவேன். வந்து பார்த்தால் கட்டு மாறியிருக்கும்.

எங்கள் கோவளத்தில் எல்லாரும் மீனுக்குப் போக, அவர் மட்டும் போகவில்லை. கல்பாக்கத்தில் ஆபீசராக இருந்த ஒரு சார், முட்டுக்காட்டில் ஒரு பாய் போட் வைத்திருந்தார். நாலு பேர் உட்காரலாம். குனிந்து நுழைகிற மாதிரி உள்ளே ஒரு சின்ன அறை. சனி, ஞாயிறு வந்து பாய் விரித்துக் கடலுக்குள் போய்விட்டு வருவார். அந்தப் போட்டைப் பார்த்துக்கொள்வதும், சார் கூடப் போய் வருவதும்தான் இவர் வேலை.

கரையை விட்டுக் கிளம்பவும், காற்று இல்லாத நாளில் திரும்பி வரவும் போட்டின் பின்பக்கம் ஒரு சின்ன மோட்டார் உண்டு. ஒரு அரிசி மூட்டை கனம் இருக்கும். எங்கள் ஊர் போட்டில் இன்ஜின் வைத்தால் வைத்த இடத்திலேயே கிடக்கும். பாய் போட்டில் அப்படி இல்லை. காற்று கிடைத்ததும் மோட்டாரைக் கழற்றி, அறைக்குள் படுக்க வைத்துக் கட்டிவிட வேண்டும். பின்பக்கமே விட்டால் போட் சாயும்போது அலை அதை அறைந்து அறைந்து ஒருநாள் பிய்த்துக்கொண்டு போய்விடும். உள்ளே கட்டாமல் போட்டாலும் உருண்டு வந்து ஆள் காலை உடைக்கும்.

கல்யாணமான புதிதில் மற்றவர்கள் பெண்டாட்டியை மகாபலிபுரம் கூட்டிப்போவார்கள். இவர் என்னை முட்டுக்காட்டுக்குக் கூட்டிப்போய் மோட்டாரைப் படுக்க வைத்துக் காட்டினார்.

"மொதல்ல பெட்ரோல் கொழாவ மூடணும். மூடிட்டு ஓடவுடு. உள்ள கீறது எரிஞ்சி தானா நிக்கும். இல்லாங்காட்டி ரூம்பு பூரா பெட்ரோல் வாடதான்."

"சரி."

"அப்பால மோட்டாருக்கும் போட்டுக்கும் ஒரு கவுறு. கவுறு கட்டாம ஸ்க்ரூவுல கைய வெக்கக்கூடாது. கழட்டி, நிமுத்தியே புடிச்சிகினு இருக்கணும், தண்ணி வடியட்டும். அப்பால படுக்க வை. தல ஒசரம், விசிறி தாழ்வு. மிச்சம் தண்ணி தலைக்கு எறங்குனா மோட்டாரு செத்துச்சு."

இன்ஜின் உள்ள மேல்முனைதான் தலை, தண்ணிக்குள் சுற்றுகிற அடிமுனை விசிறி. தலைக்கு அடியில் வைக்க ஒரு பழைய மெத்தைத் துண்டு வைத்திருந்தார். அதன்மேல் மோட்டாரின் தலையை வைத்து, மூன்று இடத்தில் கட்டி, இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். மோட்டார் அசையவில்லை, போட்தான் ஆடியது.

"இத்தல்லாம் இன்னாத்துக்கு என்னாண்ட சொல்ற? நானா ஓட்டப்போறேன்?"

"சும்மா கேட்டுக்க."

"பசிக்குதுயா. நாஸ்தா வாங்கிக் குடு."

அதன்பிறகுதான் பரோட்டா வாங்கிக்கொடுத்தார். பார்சல் நூலையும் அவிழ்த்துக் கட்டினார்.

கார்த்திகை பிறந்தால் சார் கடலுக்கு வரமாட்டார். அந்த இரண்டு மாசமும் மோட்டார் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். எங்கள் வீடு ஒரே அறை. அதில் ஒழுகாத மூலை ஒன்றுதான் இருந்தது. அந்த மூலையில் கட்டை அடித்து மோட்டாரை நிற்க வைத்தார். மோட்டார் காய்ந்த மூலையில் இருக்க, நாங்கள் ஒழுகுகிற பக்கம் பாயை இழுத்து இழுத்துப் போட்டுப் படுத்தோம். "எனுக்கு சக்களத்தி எங்கியும் இல்ல, தோ நிக்குதே" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வேன். அவருக்கும் காதில் விழும். எழுந்து போய் மோட்டாரை ஆட்டிப் பார்ப்பார்.

ஒரு தடவை என் சித்தி மகள் கல்யாணத்துக்கு அச்சரப்பாக்கம் போனோம். செங்கல்பட்டில் பஸ் ஏறினோம். முன்னால் டிரைவர் பக்கத்தில் யாரோ ஒருவர் புதுக் கிரைண்டரைச் சணல் கயிற்றால் கம்பியில் கட்டிவைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் அப்போதே இவர் கையைப் பிடித்தேன். "வேணாம்யா. உம்முனு குந்து." ஐந்து நிமிஷம் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்து போய் ஆட்டிப் பார்த்தார். அவிழ்த்துவிட்டார்.

அந்த ஆள் முழித்துக்கொண்டார். "யோவ், யார்யா நீ? என் கிரைண்டர இன்னா பண்ற?"

"கட்டு சரியில்ல அண்ணாத்த. பிரேக் போட்டா உன் மடில வந்து குந்தும்."

"குந்தட்டும்யா. என் கிரைண்டரு என் மடில குந்துது, உனுக்கின்னா?"

பஸ்ஸே சிரித்தது. இவர் பாட்டுக்குக் கட்டி முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மதுராந்தகத்தில் அந்த ஆள் இறங்க வேண்டும். அவரால் அவிழ்க்க முடியவில்லை. கண்டக்டர் விசில் மேல் விசில் ஊதினார். இவர் எழுந்து போய் ஒரே இழுப்பில் அவிழ்த்துக் கொடுத்தார். அந்த ஆள் படியிலிருந்தே திட்டிக்கொண்டு போனார். நான் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். அன்றைக்கு அவருடன் பேசவேயில்லை. இப்போது நினைத்தால் சிரிக்க வருகிறது, சிரிக்கத் தெம்பில்லை.

ஏன் இப்படி என்று கேட்டால் சொல்லமாட்டார். ஒரே ஒரு நாள், நான் இறால் உரித்துக்கொண்டிருந்தபோது, தானாகவே சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் அவருடன் இன்னொருவனும் அந்தப் போட்டில் வேலை செய்தான். முகத்துவாரத்தில் பாய் விரிக்கிற அவசரத்தில், "கவுறு கட்டிட்டேன், கழட்டு" என்று அவன் சொன்னான். இவர் நம்பி ஸ்க்ரூவைத் திருகினார். கயிறு மோட்டாரில் இருந்தது, போட்டில் இல்லை. மோட்டார் கையை விட்டுத் தண்ணிக்குள் போய்விட்டது. இரண்டு நாள் முழுகித் தேடி எடுத்தார். எடுத்தும் பிரயோஜனம் இல்லை. சார் வேறு மோட்டார் வாங்கினார்.

"சார் திட்டிருந்தா கூட வுட்ருப்பேன். ஒண்ணுமே சொல்லல அந்த மனுசன்" என்றார்.

"அதுக்கு ஊர்ல கீற கட்டெல்லாம் அவுப்பியா?"

"அவுத்தா இன்னா, திருப்பித்தான கட்றேன்?"

எங்களுக்குப் பெண் பிறந்தது. பத்தாம் நாள் என் அம்மா புடவையால் உத்திரத்தில் தூளி கட்டினேன். நானே தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைப் போட்டேன். அரை மணி நேரம் ஆட்டி, அப்போதுதான் அவள் கண் மூடினாள். அவர் வேலை முடிந்து வந்தார். கையைக் கழுவினார். தூளியை ஆட்டிப் பார்த்தார். பிள்ளையை எடுத்து என் மடியில் போட்டுவிட்டுத் தூளியை அவிழ்த்தார். அது வீல் என்று கத்தியது.

எனக்கு அப்போது உடம்பில் ஒன்றும் இல்லை. பத்து நாளாகத் தூக்கம் இல்லை. அழுதுவிட்டேன்.

"நான் பெத்தது. நான் கட்டுனதுல தூங்கக்கூடாதாயா?"

"உம்மேல சந்தேகம் இல்லடி. கட்டு மேலதான்."

"கட்டு யார் கட்டுனது? என் கைதான?"

 அவர் முழுசாகக் கட்டி முடித்துவிட்டுத்தான் கீழே இறங்கினார். அன்றைக்கு எனக்குள் ஒரு பிடிவாதம் வந்தது. நான் கட்டியதில் ஒன்றையாவது இந்த மனுஷன் அப்படியே விட்டுவைக்க வேண்டும். ஒன்று போதும். நகையோ புடவையோ நான் அவரிடம் கேட்டதில்லை. இதையும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் எதையாவது கட்டும்போது, இது தப்புமா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். இரண்டு வருஷம் பார்த்தேன். எதுவும் தப்பவில்லை.

போன ஐப்பசியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாருடன் கடலுக்குப் போனவர் நடுங்கிக்கொண்டே வந்தார். சார் தன் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, அன்றைக்கே திருநெல்வேலிப் பக்கம் தன் ஊருக்குக் கிளம்பிவிட்டார். மூன்று நாள் காய்ச்சல் விடவில்லை. நான்காம் நாள் மத்தியானம் ரேடியோவில் புயல் சின்னம் என்று சொன்னார்கள். அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"மோட்டாரு பின்னாலயே கீது" என்றார்.

அவர் வேலையில் இருந்த இத்தனை நாளில் மோட்டாரை வெளியில் விட்டுவிட்டு வந்தது அதுதான் முதல் தடவை. வெள்ளம் வந்தால் போட் ஆடுகிற ஆட்டத்தில் அது நிற்காது. எழுந்து நின்றார், சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

"நான் போறேன்" என்றேன்.

"உன்னால ஆவாது."

"காட்டுனல்ல? பாத்துகினுதான இருந்தேன்?"

பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தேன். முட்டுக்காட்டில் போட்டுக்குக் காவல் இருக்கும் வாட்ச்மேன் தாத்தா சின்னத் தோணியில் கொண்டுபோய் விட்டார். அவருக்கு முதுகு வளையாது. அதனால் தோணியைப் பிடித்துக்கொண்டு கீழேயே நின்றார். நான் ஏறி, நூலை இழுத்து மோட்டாரைக் கிளப்பி, பெட்ரோல் குழாயை மூடினேன். அது ஓடித் தானாக நின்றது. கயிறு கட்டினேன். கட்டிய பிறகுதான் ஸ்க்ரூவைத் திருகினேன். தூக்கி நிமிர்த்தித் தண்ணி வடிய விட்டேன். மீன் கூடை தூக்கிய தலை, எனக்குக் கனம் ஒன்றும் பெரிசில்லை. உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன். மெத்தைத் துண்டை விசிறிக்கு அடியில் வைத்தேன். மூன்று இடத்தில் நைலான் கயிற்றால் கட்டினேன். பிடித்து ஆட்டினேன். அசையவில்லை. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மழை தொடங்கிவிட்டது, நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

படுத்தபடியே ஒவ்வொன்றாகக் கேட்டார். குழாய் மூடினியா, மூடினேன். கயிறு கட்டினியா, கட்டினேன். தண்ணி வடிய விட்டியா, விட்டேன்.

"மெத்தய எங்க வெச்ச?"

"விசிறிக்கு அடில."

எழுந்து உட்கார்ந்தார். "விசிறிக்கா?"

"அதுதான மெல்லிசா கீது? அடிபட்டா ஒடஞ்சிடாது?"

போர்வையைத் தள்ளினார். அப்புறம், "தல தாழ்ந்து கீது" என்றார்.

எனக்கும் உடனே புரிந்துவிட்டது. தலை உயரம், விசிறி தாழ்வு. என் காதால் கேட்டதுதான். எல்லாம் சரியாகச் செய்துவிட்டு அதைத் தலைகீழாகச் செய்திருக்கிறேன். தப்பு என்னுடையது என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. ஈரப் புடவையோடு நின்றுகொண்டு கத்தினேன்.

"அப்ப போ. எழுந்து போ. நீயே போய் அவுத்துக் கட்டு. நான் கட்டுனது எதுயா உனுக்கு ஆயிருக்கு?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கஞ்சி வைத்தேன். பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன், ஆனால் குடி என்று சொல்லவில்லை.

காலையில் மழை கொஞ்சம் விட்டது. மாத்திரையும் ரொட்டியும் வாங்க, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். வரும்போது பாய் காலி. சைக்கிளும் இல்லை. எங்கே போயிருப்பார் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நான்தான் போ என்று சொன்னேன்.

முட்டுக்காட்டிலிருந்து திரும்பி வரும்போது ஈசிஆர் ரோட்டில் ஒரு கார் அடித்துவிட்டுப் போய்விட்டது. யார் கார் என்று இதுவரைக்கும் தெரியாது. செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ச் சேரும்போது அவர் கண் திறக்கவில்லை. அதன்பிறகும் திறக்கவில்லை. வெறும் டவுசரோடு கிடந்தார். எங்கள் ஊர் ஆண்கள் பாதி நேரம் அப்படித்தான் இருப்பார்கள், அதனால் அதை யாரும் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கும் அதைப் பார்க்கிற நிலை இல்லை.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம், "அந்த மோட்டாரே அவன வாரிகினு போச்சு" என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். நான் சொன்ன வார்த்தையை யாரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

வாட்ச்மேன் தாத்தாவும் வந்திருந்தார். அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "போட்ல ரொம்ப நேரம் இருந்தாரா?"

"இல்லமா. நான் கொட்டாய்லருந்து பாத்துகினு இருந்தேன். தானே தோணிய தள்ளிகினு போச்சு. பத்து நிமிசம் கூட இல்ல. வந்துச்சு, சைக்கிள எடுத்துகினு போயிடுச்சு."

அந்தப் பத்து நிமிஷக் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. மூன்று கட்டையும் அவிழ்த்து, மோட்டாரைத் திருப்பிப் படுக்க வைத்து, மறுபடி மூன்று கட்டு கட்டி, ஆட்டிப் பார்க்க அவருக்கு நல்ல உடம்பிலேயே அரை மணி நேரம் வேண்டும்.

காரியம் எல்லாம் முடிந்து ஒரு மாசம் கழித்து சார் வந்தார். போட்டை விற்கப்போவதாகச் சொன்னார். "இனிமே எனக்கு அதுல ஏற முடியாதும்மா" என்றார். உள்ளே என் வீட்டுக்காரர் சாமான் ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளச் சொல்லி என்னையும் கூட்டிப்போனார்.

சார் பலகையைத் தள்ளி அறையைத் திறந்தார். நான் குனிந்து உள்ளே போனேன். மோட்டார் நான் வைத்த இடத்தில் இருந்தது. மெத்தைத் துண்டும் நான் வைத்த மாதிரியே விசிறிக்கு அடியில் இருந்தது. ஆனால் தலை உயர்ந்திருந்தது, விசிறியைவிட நன்றாகவே உயர்ந்திருந்தது. தலைக்கு அடியில் நீலமாக ஏதோ திணித்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். அவர் கைலி. அதற்குள் சட்டையை வைத்துச் சுருட்டி, நன்றாக மடித்து உள்ளே தள்ளியிருந்தார். மழை ஈரத்தில் நைலான் கயிறு கொஞ்சம் நெகிழ்ந்திருக்கும் போலிருக்கிறது. அந்த இடைவெளியில் தலையைத் தூக்கித் துணியைச் செருகியிருக்கிறார். செருகியதும் கயிறு மறுபடி விறைத்துவிட்டது.

மூன்று முடிச்சையும் பார்த்தேன். என் முடிச்சு எனக்குத் தெரியும். மூன்றும் என்னுடையதுதான். ஒன்றையும் அவர் அவிழ்க்கவில்லை.

காய்ச்சலில் விரலில் பலமில்லாமல் விட்டாரா, இருக்கட்டும் என்று நினைத்து விட்டாரா, எனக்குத் தெரியாது. யாரைக் கேட்பது? அவிழ்த்துக் கட்ட உட்கார்ந்திருந்தால் அரை மணி நேரம் ஆகியிருக்கும், அந்தக் கார் போயிருக்கும். இதையும்தான் நினைக்கிறேன். ஒவ்வொரு நாளும் இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்து எனக்கு அலுத்துவிட்டது.

சார் மேலேயிருந்து பேனாக்கத்தியை நீட்டினார். "அறுத்துடும்மா. கயிறு போனா போகுது."

"வேணாம் சார். அவுத்துக்கலாம்."

சார் அந்தப் பக்கம் போய் நின்றார். நான் மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியே தண்ணி போட்டைத் தட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

"இன்னும் ஆகலையாம்மா?" என்று சார் கேட்டார்.

"ஆவல சார், கெட்டியா கீது" என்றேன்.

நான் இன்னும் கையே வைக்கவில்லை.